அப்பாவுக்காக ஜெபிக்க வந்தவர்கள்

வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வகுப்பில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம். அதில் கரும்பலகையை ஒட்டிய நாற்காலி, அன்றைக்கு யாருடைய எழுத்து விவாதத்துக்கு வருகிறதோ அவருக்கு. எழுதியதை ஒருமுறை உரக்க வாசிக்கலாம். அதன்பின் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் பிரித்து மேய்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். “இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா” என்று யாராவது ஆரம்பித்தால் பேராசிரியை உதட்டில் விரலை வைப்பார். புத்தகம் அச்சாகிப் போன பிறகு ஒவ்வொரு வாசகர் வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டி விளக்கம் சொல்வீர்களா என்று கேட்பார். வாசகர்கள் நம் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. வாசித்தது உண்மையில் நடந்ததா என்று எழுதியவரிடம் யாரும் கேட்கக் கூடாது. வகுப்பில் மட்டுமல்ல, கேன்டீனில், ரயிலில், எங்கேயும். கேட்க ஆரம்பித்தால் எல்லோரும் வம்பில்லாத பூனைக்குட்டியைப் பற்றியே எழுதுவார்கள் என்பது பேராசிரியையின் பயம்.

பூந்தமல்லியிலிருந்து வரும் ஒருவன் எங்கள் வகுப்பில் இருந்தான். அவர்கள் குடும்பம் பேரீச்சம்பழமும் அத்தரும் விற்கிற கடை வைத்திருந்தது. அந்த நாற்காலிக்கு அவன் வைத்த பெயர் ஐ.சி.யூ. “உள்ள பட்த்துகினு இருக்கறவன் பேச மாட்டான் மச்சி. வெளிய நிக்கறவங்கோதான் பேசிகினு இருப்பாங்கோ” என்பான். பேராசிரியையே ஒருநாள், “இந்த வாரம் ஐ.சி.யூ.வில் யார்?” என்று கேட்டுவிட்டார்.

அந்தப் படிப்பில் நான் சேர்ந்ததே ஒரு நிபந்தனையின் பேரில்தான். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வால்வு கம்பெனியில் சூப்பர்வைசர். திண்டுக்கல்லிலிருந்து வந்து, வாடகை வீடுகளில் இருந்து பார்த்து, கடைசியில் திருமுல்லைவாயிலில் ஒரு ஃபிளாட் வாங்கினோம். வாங்கிய அடுத்த வருடமே அசோசியேஷனில் அவரைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். தண்ணீர் மோட்டார், லிஃப்ட், குப்பை எல்லாம் அவர் தலையில். ஆங்கில இலக்கியத்தை அவர் ஒருவாறு ஒத்துக்கொண்டார். டீச்சர் வேலையாவது கிடைக்கும் என்ற கணக்கு. அதோடு ஒட்டிக்கொண்டிருந்த ‘கிரியேட்டிவ் ரைட்டிங்’தான் அவருக்குப் பிடிபடவில்லை. “எழுதுறதுக்கு எதுக்கும்மா காலேஜ்?” என்றார். நான் விடவில்லை. விண்ணப்பம், நுழைவுத் தேர்வு, நேர்காணல் என்று எல்லாவற்றுக்கும் அவரையே கூட்டிக்கொண்டு போனேன். கடைசியில், “ஒரு வருஷம் பார்ப்போம். சரிப்படலேன்னா இங்கயே பக்கத்துல பி.காம். சேர்ந்துடணும்” என்றார். சரி என்றேன். அந்த ஒரு வருடத்தின் கடைசிப் பகுதியில்தான் இதெல்லாம் நடந்தது.

பல்கலைக்கழகம் வேப்பம்பட்டைத் தாண்டி, கிறிஸ்தவர்கள் நடத்துவது. காலையில் ஊரே சென்ட்ரல் பக்கம் போகும்போது நான் எதிர்ப்பக்கம் போகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவேன். ஆவடியில் என் சிநேகிதி ஏறுவாள். முத்தாபுதுப்பேட்டையில் ஒரு சின்னச் சபையின் போதகருடைய மகள். வகுப்பில் எனக்கு முதலில் வாய்த்த சிநேகிதியும் அவள்தான், என் முதல் வாசகியும் அவள்தான். நல்ல குரல் அவளுக்கு. பேசினாலே பின்வரிசைக்குக் கேட்கும்.

நாங்கள் வெள்ளிக்கிழமை வீட்டில் சாம்பிராணி போடுகிறவர்கள். ஆனாலும் கல்லூரியின் காலை ஆராதனை எனக்குப் பிடித்துப்போனது. குறிப்பாகப் புதன்கிழமை சாட்சி நேரம். யாராவது ஒரு மாணவர் மேடைக்குப் போய், ‘நான்’ என்று தொடங்கித் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்வார். எங்கே நிறுத்துகிறார்கள், எந்த இடத்தில் குரல் இறங்குகிறது, அம்மாவின் நோயை முதலிலேயே சொல்லாமல் எப்படிப் பின்னால் வைக்கிறார்கள் என்று நான் கவனித்துக்கொண்டே இருப்பேன். எனக்கு அது கதை சொல்லும் பாடம். பக்கத்தில் என் சிநேகிதி கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவளுக்கு அது நடந்த விஷயம். ஒரே வரிசையில் உட்கார்ந்து இரண்டு பேரும் இரண்டு வேறு காரியம் செய்துகொண்டிருக்கிறோம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிப்ரவரியில் தன்மையில், ‘நான்’ என்று தொடங்கி, மூன்று பக்கம் எழுதச் சொன்னார்கள். என்ன எழுதுவது என்று அலைந்துகொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செய்தித்தாளில் சுற்றிய காலி பாட்டில்கள் கிடந்தன. நான் சாக்கைப் பிடித்துக்கொள்ள, அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். யாரையும் திட்டவில்லை. முகத்தை மட்டும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் காபியைத் தவிர வேறு எதற்கும் அடிமையாக இருந்ததில்லை. கீழே வந்ததும் லிஃப்டுக்குப் பக்கத்தில், மொட்டைமாடியில் மது அருந்தினால் அசோசியேஷன் நடவடிக்கை எடுக்கும் என்று நோட்டீஸ் ஒட்டினார். எனக்கு அந்தப் பாட்டில்கள் கிடைத்துவிட்டன. செய்தித்தாளில் அவ்வளவு பத்திரமாகச் சுற்றி வைத்த கை யாருடையது என்பதிலேயே மனசு நின்றது.

கதையில் ஒரு மகள். அவளுடைய அப்பா வேலை முடிந்து வந்ததும் நேராக மொட்டைமாடிக்குப் போகிறார்; பாட்டில் அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இறங்கி வரும்போது கடைசிப் படியில் தொண்டையைச் செருமுகிறார். உள்ளே வந்து சாவிக்கொத்தை ஃபிரிட்ஜின் மேல் வைக்கிறார். சாவி விழுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று மகள் தெரிந்துகொள்கிறாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். 

வெள்ளிக்கிழமை வாசித்தேன்.  பேசியவர்கள் எல்லோரும் மெதுவாகவே பேசினார்கள். வழக்கமாக வினைச்சொல் ஒவ்வொன்றையும் பிடித்து இழுக்கிற பூந்தமல்லிக்காரன்கூட, “சாவி சத்தம் நல்லாருந்துச்சு” என்பதோடு நிறுத்திக்கொண்டான். எனக்கோ உள்ளுக்குள் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கதை வேலை செய்கிறது! சிரிப்பு தெரிந்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஐ.சி.யூ. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசி வகுப்பைச் சிறு ஜெபத்தோடு முடிப்பது வழக்கம். அன்று என் சிநேகிதியின் முறை. பரீட்சைக்காக, விடுதியில் காய்ச்சலில் கிடப்பவர்களுக்காக என்று சொல்லிக்கொண்டே வந்தவள், “இந்த மகளையும் அவள் குடும்பத்தையும் நினைத்தருளும்” என்றாள். கதையில் வருகிற மகளுக்காக ஜெபிக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு கதாபாத்திரத்துக்கு ஜெபம் கிடைப்பதைவிடப் பெரிய பாராட்டு உண்டா? ஆமென் என்று நானும் சத்தமாகச் சொன்னேன்.

ரயிலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதே, விதி. ஆவடியில் இறங்கும்போது மட்டும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் இருப்பீர்களா என்று கேட்டாள். இருப்போம் என்றேன்.

ஞாயிறு மத்தியானம் அழைப்புமணி அடித்தது. அப்பா லுங்கியோடு போய்க் கதவைத் திறந்தார். வெளியே என் சிநேகிதி, கல்லூரி ஜெபக்குழுவிலிருந்து சீனியர் அக்காக்கள் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் பேரீச்சம்பழப் பாக்கெட்டோடு பூந்தமல்லிக்காரன். சிநேகிதி கையில் ஆப்பிளும் பிரெட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வாங்குகிற மாதிரி.

காலேஜ் பிள்ளைகள் என்றதும் அப்பா சந்தோஷமாக உள்ளே கூப்பிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா காபி போடப் போனாள். திடீரென்று ஏன் வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் வீட்டுக்கு ஆள் வந்தால் எனக்கு எப்போதுமே கொண்டாட்டம்தான். பூந்தமல்லிக்காரனின் கண் மட்டும் எங்கள் ஃபிரிட்ஜின் மேல் போனது. அங்கே அப்பாவின் சாவிக்கொத்து இருந்தது. அவன் பக்கத்தில் இருந்த சீனியரை லேசாக இடித்தான்.

சிநேகிதி, “அங்கிள், உங்களுக்காக ஒரு சின்ன ஜெபம் பண்ணலாமா?” என்று கேட்டாள்.

“தாராளமா பண்ணும்மா. எந்த சாமிகிட்ட கேட்டா என்ன” என்று அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் தலை குனிந்தார்கள். பூந்தமல்லிக்காரன் இரண்டு உள்ளங்கைகளையும் துவா கேட்கிற அவன் வீட்டு வழக்கப்படி விரித்து வைத்துக்கொண்டான்.

நன்றியில் தொடங்கினாள். இந்த வீட்டுக்காக, இந்தத் தாயின் உழைப்புக்காக, இந்த மகளின் திறமைக்காக. அப்பா முகத்தில் ஒரு திருப்தி. அவள் குரல் மெல்ல ஏறியது. முன்கதவு திறந்தே கிடந்தது. “ஆண்டவரே, இந்தத் தகப்பனைக் குடிப்பழக்கத்திலிருந்து விடுதலையாக்கும். மொட்டைமாடியில் மறைத்து வைத்திருக்கிற பாட்டில்களை இவர் கை இனித் தொடாமலிருக்கட்டும்.”

அப்பா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

நடுவில் எப்படிப் பேசுவது? ஜெபத்தை யார் குறுக்கிட முடியும்? அப்பாவும் பேசவில்லை. தன்னைப் பற்றி அவ்வளவு பேர் கேட்க ஒருத்தி சொல்லிக்கொண்டே போக, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமையலறை வாசலில் அம்மா டம்ளர்களோடு நின்றுவிட்டாள். எதிர்வீட்டு டி.வி. சத்தம் நின்றது. மேல்மாடிப் படியில் செருப்புச் சத்தமும் நின்றது.

ஆமென் வந்ததும் நான் எழுந்துவிட்டேன். கதை, அது வெறும் கதை, அப்பா குடிப்பதே இல்லை என்று மூச்சு விடாமல் சொன்னேன். என் சிநேகிதியின் முகம் வெளுத்துப்போனது.

“நீ ‘நான்’னுதானே எழுதுன?” என்றாள். “எல்லார் முன்னாடியும் ‘நான்’னு சொல்லிட்டு, யாராவது இல்லாதத சொல்லுவாங்களா? தலைய குனிஞ்சு அழுத வேற.”

“சிரிச்சேன்டி.”

பூந்தமல்லிக்காரன், “ஐயோ, சாவி வேற கரெக்டா மேல கீதே” என்று முனகினான்.

அவள் அழுதுவிட்டாள். அப்பா காலில் விழாத குறை. அவர்தான் அவளை உட்காரச் சொல்லி, அம்மா கையிலிருந்த காபியை வாங்கிக் கொடுத்தார். பிறகு என்னிடம், “அந்தக் கதைய எடுத்துட்டு வா. தமிழ்ல சொல்லு” என்றார்.

அந்த நாற்காலியையும் அதில் உட்கார்ந்தவர் பேசக் கூடாது என்பதையும் விளக்கிவிட்டு, ஆங்கிலத்தில் எழுதியதை அங்கேயே, அத்தனை பேர் முன்னால், தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். வகுப்பில் வாசித்தபோது கம்பீரமாக இருந்த வாக்கியங்கள் எங்கள் ஹாலில் கூச்சப்பட்டன. படி, செருமல், சாவி என்று வந்தபோது அம்மா பக்கென்று சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சாவி என்னோடது. செருமலும் என்னோடது. பாட்டில் யாரோடது?”

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எடுத்தது என்றேன்.

“அது யாரோடதுன்னு கேட்டேன்.”

தெரியாது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த நாட்கள் அவருக்கு லேசாக இல்லை. பால் வாங்கப் போன இடத்தில் ஒருவர் தோளைத் தட்டி, “சார், மனசு வச்சா முடியும்” என்றாராம். நோட்டீஸின் கீழே யாரோ பேனாவில் ஒரு சிரிப்பு முகம் வரைந்திருந்தார்கள்.  வருகிற ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்றார் அப்பா. நானும் வந்து, எழுதியது கதை என்று சொல்ல வேண்டும். சரி என்றேன். அதே மூச்சில் அம்மாவிடம், பி.காமுக்கு அப்ளிகேஷன் எப்போது கொடுப்பார்கள் என்று விசாரிக்கச் சொன்னார்.  அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஒரு வருடம் பார்ப்போம் என்றார், பார்த்துவிட்டார்.

ரயிலில் என் சிநேகிதி, வேண்டுமானால் குழுவோடு மறுபடி வந்து, அங்கிள் குடிப்பதில்லை என்று நன்றி ஜெபம் செய்கிறேன் என்றாள். பூந்தமல்லிக்காரனிடம் போனில் சொன்னேன். “சும்மா கெட தாயி. அப்புறம் போன வாரம் வரிக்கும் குடிச்சிகினு இருந்தாருன்னு ஆயிடும்” என்றான்.

வியாழக்கிழமை சாயங்காலம் மேல்மாடியில் இருக்கும் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளும் வேலைக்குப் போகிறவள். கணவர் ஐ.டி. கம்பெனியில் இருந்தார். பார்த்தால் புன்னகைப்பாள், அவ்வளவுதான் பழக்கம். அன்று சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அம்மாவோடு மாவு புளிக்காததைப் பற்றிப் பேசினாள். அப்பா உள்ளறையில் இருந்தார்.

பிறகு என்னைப் பார்த்து, “அன்னைக்கு வந்துச்சே, அந்தப் பொண்ணு. எங்க வீட்டுக்கும் வருமா?” என்றாள்.

அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

“அவரு குடிச்ச பாட்டில சுத்தி வெச்சது நான்தான்” என்றாள் அந்த அக்கா. “கீழ போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு மேலயே ஒளிச்சு வெப்பேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. அன்னைக்குப் படியில நின்னு கேட்டப்பதான், நம்ம வீட்ல மட்டும் இல்லன்னு தெரிஞ்சுது. அதான் வந்தேன்.”

அம்மா வாயெடுத்தாள். எங்க வீட்டுக்காரர் குடிக்க மாட்டாரே என்பதுதான் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அதற்குள் அப்பா வெளியே வந்துவிட்டார்.

“வரச் சொல்றேன்மா. நல்ல பொண்ணு” என்றார். “கொஞ்சம் சத்தமா ஜெபிக்கும். கதவ சாத்திக்கோங்க.”

அந்த அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் போனதும் அம்மா பிடித்துக்கொண்டாள். நாலு பேர் நாலு விதமாகப் பேசும்போது, வாயில் வந்த உண்மையைச் சொல்வதற்கு என்ன கேடு என்றாள். அப்பா ஃபிரிட்ஜ் மேலிருந்து சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு எந்திரிச்சுப் போயிருக்கும்” என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. போனவரும் தண்ணீர் மோட்டாரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்ததாக எதிர்வீட்டில் சொன்னார்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் நோட்டீஸ் இல்லை.

என் சிநேகிதியிடம் விஷயத்தைச் சொன்னேன். இந்தமுறை அவள் தனியாக, ஒரு சனிக்கிழமை, கையில் எதுவும் வாங்காமல் மேல்மாடிக்குப் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் ஹாலுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

வருடக் கடைசியில் திருத்திய கதையைக் கொடுக்க வேண்டும். துறை வெளியிடும் மாணவர் தொகுப்பில் வருவதாக இருந்தது. பாட்டில் வருகிற இடத்தையெல்லாம் எடுத்துவிட்டேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அது யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, இனி அதை என் கதையில் வைக்க முடியவில்லை. எடுத்த பிறகு பாதிக் கதைதான் மிஞ்சியது. ஒரு மனிதர் மாடிப்படி ஏறி வருகிறார், செருமுகிறார், சாவியை வைக்கிறார். உள்ளே இருக்கும் மகள், அன்றைய நாள் அவருக்கு எப்படிப் போயிற்று என்று சத்தத்திலேயே தெரிந்துகொள்கிறாள்.

மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன். “இன்னாது இது, ஒண்ணுமே நடக்கல. மனுசன் படி ஏறி வூட்டுக்கு வர்றாரு, அவ்ளோதானா?” என்றான் பூந்தமல்லிக்காரன். போனமுறை இருந்த பதற்றம் போய்விட்டது என்று இரண்டு பேர் சொன்னார்கள். பேராசிரியை இன்னும் வேலை செய்யலாம் என்றார். அதில் உண்மை இருந்தது. தொகுப்பில் அது வரவில்லை.

என் சிநேகிதி மட்டும் கடைசிவரை ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, மணி அடிக்கும் நேரத்தில் கையைத் தூக்கினாள்.

“இது நடந்ததா?”

பேராசிரியையின் விரல் உதட்டுக்குப் போனது. வகுப்பே சிரித்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

விடுமுறை முழுக்க அப்பா படிப்பைப் பற்றி எடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வந்துவிடுமே. அம்மா வாங்கி வைத்த பி.காம். அப்ளிகேஷன் டி.வி.க்குக் கீழே அப்படியே கிடந்தது. ஜூனில் ஒருநாள் சாயங்காலம் படியில் செருமல் கேட்டது. கதவைத் திறந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், சாவிக்கொத்தை ஃபிரிட்ஜின் மேல் வைத்தார். அதன் பக்கத்தில் என் சீசன் டிக்கெட்டையும் வைத்தார். ஸ்டேஷனில் நின்று புதுப்பித்துக்கொண்டு வந்திருந்தார். திருமுல்லைவாயில் – வேப்பம்பட்டு.

நான் அதைக் கையில் எடுத்தேன். 

அவர் முகம் கழுவிவிட்டு வந்து துண்டால் துடைத்துக்கொண்டே, “இந்த வருஷமும் அந்த நாற்காலி உண்டா?” என்று கேட்டார்.

“உண்டுப்பா.”

“உக்காந்தா பேசக் கூடாதுல்ல?”

“கூடாது.”

“கஷ்டந்தான்” என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் காபி கேட்டார்.